தூதரைப் பிடித்தார்கள், வழக்கைக் கோட்டை விட்டார்கள்!

கொலை நடந்தால் என்ன ஆகும்?

போலீஸ் வரும். பிணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆளைப் பிடிப்பார்கள். குற்றப்பத்திரிகை போடுவார்கள். சாட்சிகள் கூண்டில் ஏறுவார்கள். கடைசியில் நீதிபதி ஒரு தீர்ப்பு சொல்வார். தண்டனையோ விடுதலையோ, ஏதோ ஒரு முடிவு வரும்.

பேட்டை ரவுடி கொலைக்கும் இது உண்டு. குடித்துவிட்டுக் கத்தியை எடுத்தவனுக்கும் இது உண்டு.

ஆனால் பிழைப்புக்காகக் கடலுக்குப் போன 2 மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் இது நடக்கவில்லை. 9 ஆண்டுகள் வழக்கு ஓடியது. டெல்லியில் இரண்டு ஆட்சிகள் பார்த்துவிட்டன. சுப்ரீம் கோர்ட்டு பார்த்தது. சர்வதேச கோர்ட்டும் பார்த்தது. ஒரு தூதரையே நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். "சுட்டது குற்றமா, இல்லையா?" என்ற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் எந்த நாட்டுக் கோர்ட்டிலும் விசாரணை நடக்காமலேயே வழக்கு மூடப்பட்டது.

இத்தாலி கடற்படை வீரர்கள் வழக்குதான் அது. இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் தலைவர்களின் வீரம் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் இதை இழுக்காமல் இருப்பதில்லை. "அவர்கள் ஆட்சியில் விட்டார்கள்" என்பார் ஒருவர். "இவர்கள் ஆட்சியில்தானே விமானம் ஏறினார்கள்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதுதான் வேதனை.

நடுக்கடலில்

2012-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி. மாலை நேரம்.

கேரளக் கரையில் இருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் "செயின்ட் ஆண்டனி" என்ற மீன்பிடி படகு வந்து கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் பதிவான படகு. அதில் 11 பேர் இருந்தார்கள். அந்தப் பக்கமாக "என்ரிகா லெக்சி" என்ற இத்தாலி எண்ணெய்க் கப்பல் எகிப்தை நோக்கிப் போய்க் கொண்டிருந்தது. கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து அந்தக் கப்பலில் இத்தாலி கடற்படையைச் சேர்ந்த 6 பேர் துப்பாக்கியுடன் காவலுக்கு இருந்தார்கள்.

கப்பலில் இருந்து துப்பாக்கிகள் வெடித்தன. படகில் 2 பேர் பிணமானார்கள். ஒருவர் கேரள மாநிலம் கொல்லத்தைச் சேர்ந்தவர். இன்னொருவர் நம் குமரி மாவட்டத்து வாலிபர்.

"கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தோம்" என்றது இத்தாலி தரப்பு. சோமாலியா கொள்ளைக்காரர்கள் அந்த நாளில் கப்பல்களை மறித்தது பொய் இல்லை. மாலுமிகளுக்குப் பயம் இருந்ததும் பொய் இல்லை. ஆனால் படகில் இருந்தவர்களிடம் ஆயுதம் கிடையாது. பயந்ததற்கு நியாயம் இருந்ததா, இல்லையா? அதைத்தான் ஒரு கோர்ட்டு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

கப்பலைக் கொச்சிக்கு வரவழைத்தார்கள். பிப்ரவரி 19-ந் தேதி மாசிமிலியானோ லத்தோரே, சால்வத்தோரே ஜிரோனே என்ற 2 வீரர்களைக் கேரள போலீசார் கைது செய்தார்கள். மே மாதம் கொலைக் குற்றம் சாட்டிக் குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆனது. 3 மாதத்துக்குள் குற்றப்பத்திரிகை! அந்த வேகத்தைப் பார்த்தபோது, வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் கேரளாவில் பிறவம் தொகுதி இடைத்தேர்தல் வேறு. மயிரிழை மெஜாரிட்டியில் ஓடிக் கொண்டிருந்த உம்மன் சாண்டி மந்திரிசபைக்கு ஒவ்வொரு ஓட்டும் உயிர். வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று பேசினார்கள். காரணம் எதுவானால் என்ன? போலீஸ் வேலை நடந்தது.

ஓட்டுப் போட லீவு!

தகராறு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"இது உங்கள் எல்லை இல்லை. எங்கள் அரசாங்கம் அனுப்பிய வீரர்கள். நாங்களே விசாரித்துக் கொள்கிறோம்" என்றது இத்தாலி. "செத்தது எங்கள் ஆட்கள். நாங்கள்தான் விசாரிப்போம்" என்றது இந்தியா.

2012-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டுக்குப் போய் வர வேண்டும் என்று 2 வீரர்களும் கேட்டார்கள். 6 கோடி ரூபாய்க்கு பாங்க் உத்தரவாதம் வாங்கிக் கொண்டு கேரள ஐகோர்ட்டு அனுப்பியது. சொன்னபடி ஜனவரி முதல் வாரத்திலேயே திரும்பி வந்தார்கள். இந்த மரியாதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2013-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முடிவு சொன்னது. "இந்த வழக்கை நடத்தக் கேரளாவுக்கு அதிகாரம் இல்லை. மத்திய அரசு தனிக் கோர்ட்டு அமைத்து விசாரிக்கட்டும்" என்றது. அந்தத் தேதியை மறக்கக்கூடாது. அன்று முதல் பந்து டெல்லியின் கையில்.

அடுத்த மாதமே இன்னொரு மனு. "இத்தாலியில் பொதுத்தேர்தல். ஓட்டுப் போட்டுவிட்டு வர வேண்டும்" என்றார்கள். பிப்ரவரி 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 4 வாரம் கொடுத்தது. இத்தாலி தூதர் டேனியல் மன்சினி, "திருப்பி அனுப்பி வைக்க நான் பொறுப்பு" என்று கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்.

போனார்கள். ஓட்டு முடிந்தது. மார்ச் 11-ந் தேதி இத்தாலி அரசாங்கம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது.

"அவர்கள் திரும்பி வர மாட்டார்கள்!"

தூதருக்குத் தடை

சைதாப்பேட்டை கோர்ட்டிலோ, எழும்பூர் கோர்ட்டிலோ ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ரேஷன் கார்டைக் காட்டி, வீட்டு வரி ரசீதைக் காட்டி, "இவன் வாய்தாவுக்கு வருவான், நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் கம்பி நீட்டினால் கோர்ட்டு முதலில் பிடிப்பது கையெழுத்துப் போட்டவரைத்தான். "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்று தப்ப முடியாது.

சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் செய்தது. மார்ச் 14-ந் தேதி, "தூதர் நாட்டை விட்டுப் போகக்கூடாது" என்று உத்தரவு போட்டது. விமான நிலையங்களுக்கு எச்சரிக்கை போயிற்று. மார்ச் 18-ந் தேதி தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீர் தலைமையிலான பெஞ்சு, கோர்ட்டுக்கு வந்து வாக்குக் கொடுத்தவர் தூதர் என்ற பாதுகாப்பைச் சொல்லித் தப்ப முடியாது என்று காட்டமாகச் சொன்னது.

உலகம் முழுவதும் புருவம் உயர்ந்தது. காரணம் உண்டு.

1961-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1972-ல் அதை நம் நாட்டுச் சட்டமாகவும் ஆக்கியது. தூதரைக் கைது செய்யக்கூடாது, அடைத்து வைக்கக்கூடாது என்பது அதன் 29-வது பிரிவு. பிடிக்காவிட்டால் "உங்கள் ஆளைத் திரும்ப எடுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பலாம். அவ்வளவுதான். பாதுகாப்பை விட்டுக் கொடுப்பதாக இருந்தாலும் அவரை அனுப்பிய நாடு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது 32-வது பிரிவு.

"கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததே வெளிப்படையாகச் சொன்ன மாதிரிதான்" என்றது இந்தியத் தரப்பு. "இல்லவே இல்லை" என்றது இத்தாலி. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பும் கவலை தெரிவித்தது.

சட்டப்படி எது சரி என்று இன்றைக்கும் வக்கீல்கள் சண்டை போடுகிறார்கள். ஆனால் பலன் உடனே தெரிந்தது. மார்ச் 22-ந் தேதி 2 வீரர்களும் டெல்லியில் வந்து இறங்கினார்கள். "மரண தண்டனை கிடையாது" என்ற உறுதியை இந்தியாவிடம் வாங்கிக் கொண்ட பிறகே இத்தாலி அனுப்பியது. அனுப்பியது தப்பு என்று கோபித்துக் கொண்டு இத்தாலி வெளிநாட்டு மந்திரி ஜூலியோ தெர்சி 4 நாளில் ராஜினாமா செய்தார்.

மறுப்பு சொன்னதில் இருந்து திரும்பி வந்தது வரை 11 நாள். இந்த 11 நாளைக் கணக்கில் வைத்துக் கொள்ள வேண்டும்.

தலைவர்கள் முழக்கம்

அந்த 11 நாளில் டெல்லியில் கேட்ட முழக்கத்துக்குப் பஞ்சமே இல்லை.

"வாக்குத் தவறினால் விளைவு இருக்கும்" என்ற பொருளில் பாராளுமன்றத்தில் எச்சரித்தார் பிரதமர் மன்மோகன்சிங். இத்தாலி செய்தது நம்பிக்கைத் துரோகம், அதை ஏற்க முடியாது என்று கட்சிக் கூட்டத்தில் கண்டித்தார் காங்கிரஸ் தலைவி சோனியா காந்தி. ரோம் நகருக்குப் போகவிருந்த புதிய இந்தியத் தூதரின் பயணம் நிறுத்தப்பட்டது.

சோனியா பிறந்த நாடு இத்தாலி. எதிர்க்கட்சிகள் விடுமா? அதைச் சொல்லிக் காட்டிக் குத்தினார்கள். 2014-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் அது மேடைக்கு மேடை ஒலித்தது. நரேந்திர மோடி, அந்த வீரர்கள் எந்த ஜெயிலில் இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் கேட்டார். கைதட்டல் கிடைத்தது.

உண்மையில் அவர்கள் ஜெயிலில் இல்லை. ஜாமீனில், டெல்லி இத்தாலி தூதரகத்தில் இருந்தார்கள்.

ஆளும் கட்சி சத்தம் போட்டது, தன் மேல் விழுந்த சந்தேகத்தைத் துடைக்க. எதிர்க்கட்சி சத்தம் போட்டது, அந்தச் சந்தேகத்தை ஓட்டாக மாற்ற. செத்துப்போன 2 மீனவர்கள் எந்த மேடையில் இருந்தார்கள்?

தனக்கு ஒரு நியாயமா?

அதே 2013-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி நியூயார்க்கில் இன்னொரு கைது. இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே, வீட்டு வேலைக்காரப் பெண்ணின் விசா தொடர்பான வழக்கில் பிடிபட்டார். ஆடையைக் களைந்து சோதனை போட்டார்கள். நாடே கொதித்தது. டெல்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் இருந்த பாதுகாப்புத் தடுப்புகளை எடுத்தார்கள். "தூதரக அதிகாரிக்குப் பாதுகாப்பு உண்டு. வியன்னா ஒப்பந்தம் தெரியாதா?" என்று டெல்லி கேட்டது.

சோதனை போட்ட விதம் கேவலம்தான். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் 9 மாதத்துக்கு முன்பு, ஒரு நாட்டுத் தூதருக்கே அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று வாதாடியதும் இதே டெல்லிதான். துணைத் தூதரக அதிகாரிக்கு உள்ள பாதுகாப்பு, தூதருக்கு உள்ளதைவிடக் குறைவு என்பது சட்டம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. உலகம் முழுவதும் நம் தூதரகங்கள் இருக்கின்றன. அங்கே நம் ஆட்கள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். நாளைக்கு ஏதோ ஒரு நாட்டில் ஒரு கோர்ட்டு, "இந்தியாவே செய்தது" என்று சொல்லி நம் தூதரை மடக்கினால் யார் முகத்தில் விழிப்பது? தூதரைத் தொடக்கூடாது என்ற வேலி அடுத்தவன் தோட்டத்துக்கு மட்டும் போட்டது இல்லை.

வாக்குத் தவறிய இத்தாலி செய்தது ஈனமான வேலை. அதைச் சொல்ல யாரும் தயங்க வேண்டாம். ஆனால் பதிலுக்கு நாம் எடுத்த ஆயுதம் இருபக்கமும் கூர் உள்ள கத்தி.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை

சரி, ஆயுதம் வேலை செய்தது. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்?

மறுநாளே வழக்கைத் தொடங்கியிருக்க வேண்டும்!

நடந்தது என்ன? வழக்கு தேசிய புலனாய்வு அமைப்பின் கைக்குப் போயிற்று. கடல் பயணத்துக்கு எதிரான பயங்கரச் செயல்களுக்காக 2002-ம் ஆண்டு கொண்டு வந்த கடுமையான சட்டத்தை அவர்கள் எடுத்தார்கள். கொலை நடந்திருந்தால் அதில் மரண தண்டனைதான். "தூக்கு இல்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு இது என்ன?" என்று இத்தாலி கொதித்தது. அந்தச் சட்டத்தைப் போடலாமா, வேண்டாமா என்று மந்திரிகளும் அதிகாரிகளும் மாதக்கணக்கில் யோசித்தார்கள். கப்பலில் இருந்த மற்ற 4 வீரர்கள் சாட்சி சொல்ல நேரில் வர மறுத்தார்கள். அவர்களை வீடியோ மூலம் விசாரிக்கவே 2013-ம் ஆண்டு நவம்பர் ஆகிவிட்டது.

2014-ம் ஆண்டு பிப்ரவரி கடைசியில், "அந்தச் சட்டம் வேண்டாம்" என்று மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. "அந்தச் சட்டம் இல்லை என்றால் அந்தப் புலனாய்வு அமைப்பே விசாரிக்க முடியாதே" என்று இத்தாலி வக்கீல்கள் அடுத்த முட்டுக்கட்டையைப் போட்டார்கள்.

தனிக் கோர்ட்டு அமையுங்கள் என்று சொன்னது 2013 ஜனவரி. எந்தச் சட்டம் என்று முடிவானது 2014 பிப்ரவரி. 13 மாதம்!

தூதரை மடக்கி ஆளைத் திரும்பக் கொண்டு வர 11 நாள். எந்தச் சட்டப் பிரிவில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்ய 13 மாதம். அந்த ஆட்சியின் வீரத்துக்கும் வேலைக்கும் உள்ள தூரம் இதுதான்.

ஒரு குமாஸ்தா ஒரு பைலை 13 மாதம் மேஜையில் வைத்திருந்தால் மெமோ வரும். டெல்லியில் யாருக்கு மெமோ வந்தது?

ஆட்சி மாறியது, காட்சி மாறவில்லை

2014-ம் ஆண்டு மே மாதம் ஆட்சி மாறியது. "எந்த ஜெயில்?" என்று கேட்டவர் பிரதமர் ஆனார்.

செப்டம்பரில், பக்கவாதம் வந்த லத்தோரே சிகிச்சைக்காக 4 மாதம் ஊருக்குப் போக சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. மத்திய அரசு எதிர்க்கவில்லை. 4 மாதம் நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக வளர்ந்தது. அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

2015-ம் ஆண்டு இத்தாலி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. இரு நாடுகளும் கோர்ட்டு நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் சர்வதேச கடல் சட்டக் கோர்ட்டு சொன்னது. அத்தோடு கதவு அடைபட்டது. 2016-ம் ஆண்டு மே மாதம் ஜிரோனேயும் விமானம் ஏறினார்.

நோயாளிக்கு இரக்கம் காட்டியது தப்பு இல்லை. சர்வதேச கோர்ட்டு சொன்னதைக் கேட்டதும் தப்பு இல்லை. ஆனால் மேடையில் கேட்ட கேள்விக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பதில் சொல்ல வேண்டாமா? 2014 மே முதல் 2015 நடுப்பகுதி வரை ஓர் ஆண்டுக்கு மேல் நேரம் இருந்தது. அப்போதும் விசாரணை தொடங்கவில்லை.

கடைசித் தீர்ப்பு

2020-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வெளியானது. 5 பேரில் 3 பேர், "அரசாங்க வேலையில் இருந்த வீரர்கள். இந்தியக் கோர்ட்டு அவர்களை விசாரிக்க முடியாது" என்றார்கள். 2 பேர் மாறுபட்டார்கள். இந்தியப் படகின் கடல் பயண உரிமையை இத்தாலி மீறியது, நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது.

இந்தியா ஏற்றுக் கொண்டது. "நஷ்டஈடு வராமல், குடும்பத்தாரைக் கேட்காமல் வழக்கை மூட விடமாட்டோம்" என்று சுப்ரீம் கோர்ட்டு கறாராக நின்றது. அதனால்தான் பணமாவது வந்தது. 10 கோடி ரூபாய். 2 குடும்பங்களுக்கும் தலா 4 கோடி. படகுச் சொந்தக்காரருக்கு 2 கோடி. 2021-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

இத்தாலியில் விசாரணை நடக்கும் என்றார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரியில் ரோம் நீதிபதி அந்த வழக்கையும் தள்ளிவிட்டார்.

ஆக, கூண்டில் யாரும் ஏறவில்லை. "குற்றவாளி" என்றும் சொல்லவில்லை. "நிரபராதி" என்றும் விசாரித்துச் சொல்லவில்லை. இது செத்தவர்களுக்கு மட்டும் இல்லை, சுட்டதாகச் சொல்லப்பட்ட 2 பேருக்குமே அநியாயம்தான்.

எதை வைத்து அளப்பது?

"10 கோடி வந்ததே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. வாங்கியதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பணம் என்பது நஷ்டத்துக்கு ஈடு. நியாயத்துக்கு ஈடு இல்லை.

"விசாரணை நடத்தியிருந்தாலும் சர்வதேச மன்றம் செல்லாது என்று சொல்லியிருக்குமே" என்று கேட்பவர்களும் உண்டு. சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தாலி அங்கே போனது சம்பவம் நடந்து 3 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. அதற்குள் சாட்சிகளைக் கேட்டு, துப்பாக்கிகளைக் காட்டி, ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருந்தால், நடந்தது என்ன என்பதாவது ஏட்டில் ஏறியிருக்கும். இப்போது அதுவும் இல்லை.

குமரி முதல் கொல்லம் வரை இன்றைக்கும் படகுகள் போகின்றன. அதே வழியில் பெரிய கப்பல்களும் போகின்றன. வலையோடு இருக்கும் படகைப் பார்த்து, மேலே துப்பாக்கியோடு நிற்பவன் தயங்க வேண்டும் என்றால், அவனுக்கு ஒரு பயம் வேண்டும். தவறாகச் சுட்டால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கும் சந்தர்ப்பம் கைக்கு எட்டியது. வாய்க்கு எட்டவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு தகராறு வரும்போது, எந்தத் தலைவர் உரக்கப் பேசினார் என்று பார்க்க வேண்டாம். எந்தத் தூதரை மடக்கினார்கள் என்று பார்த்துக் கைதட்ட வேண்டாம். ஜனங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"விசாரணை என்றைக்கு? தேதியைச் சொல்லுங்கள்!"